பெங்களூரில் கிறிஸ்துமஸ் விருந்து: பிரியாணிக்கும் மிளகு வறுவலுக்கும் எந்த ஒயின்?

காக்ஸ்டவுன் மருமகள் | டிசம்பர் 8, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் மதிய விருந்து எங்கள் வீட்டில். மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம், என் அண்ணன், சென்னையிலிருந்து வரும் பெரியம்மா என்று பதினான்கு பேர். சமையலுக்குத் தலைமை பெரியம்மா. சீரக சம்பாவில் மட்டன் பிரியாணி, கோழி மிளகு வறுவல், வஞ்சிரம் வறுவல், பன்றி இறைச்சி விந்தாலு, எண்ணெய்க் கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி. கடைசியில் பிளம் கேக், கல்கல், அச்சுமுறுக்கு. பெரியம்மாவின் கை மிளகாயில் தாராளமானது.

ஒயின் வாங்கும் பொறுப்பு என்னுடையது. கடையில் கேட்டால் விலை உயர்ந்த சிவப்பு ஒயினைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். பெரியம்மாவுக்கு இனிப்பாக இருந்தால்தான் இறங்கும். கொழுந்தனாரோ துவர்ப்பான சிவப்பைத் தவிர வேறெதையும் ஒயின் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். இருவரும் ஒரே மேசையில் உட்காரப் போகிறார்கள். எதை வாங்குவது, எத்தனை பாட்டில், எதை எப்போது ஊற்றுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நந்தி அடிவாரம் | டிசம்பர் 8, இரவு 10:35

காரத்திலிருந்து தொடங்குங்கள், சகோதரி. இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்ற விதி மிளகாய் அதிகம் புழங்காத சமையலறைகளில் உருவானது. நம் தட்டில் இருப்பது ஆடா கோழியா என்பதைவிட, அதில் மிளகாய் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்பதே பெரிய கேள்வி.

காரணம் இதுதான். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பிகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. பாட்டிலின் லேபிளில் 14.5 சதவீதம் என்று போட்டிருக்கும் ஒயினை விந்தாலுவோடு குடித்தால், விந்தாலு இன்னும் காரமாகிவிடும். டானினும் அப்படியே. திராட்சைத் தோல், விதை, ஓக் பீப்பாய் ஆகியவற்றிலிருந்து வரும் அந்தத் துவர்ப்பு, காரம் பட்ட நாக்கில் கசப்பாக முடியும். மாறாக, ஒயினில் சற்றே தங்கியிருக்கும் இனிப்பு, நல்ல புளிப்பு, குளிர்ச்சி ஆகிய மூன்றும் காரத்தைத் தணிக்கும். தணித்த பிறகுதான் பெரியம்மாவின் மசாலாவில் உள்ள பட்டையும் கிராம்பும் நாக்குக்குத் தெரியவரும்.

ஆகவே உங்கள் முதல் தேர்வு ரீஸ்லிங் அல்லது செனின் பிளாங் என்ற வெள்ளை ஒயின். நாசிக்கில் சூலா என்ற நிறுவனம் இரண்டையும் செய்கிறது. இரண்டிலும் இலேசான இனிப்பு உண்டு, வாயில் கனக்காது. விலையும் நியாயமானது. இறக்குமதி ஒயின்களில் வரியே பெரும்பகுதி; அந்தப் பணத்துக்கு இங்கேயே இன்னொரு நல்ல பாட்டில் வாங்கலாம்.

லேபிளில் இருக்கும் ஆண்டையும் பாருங்கள். ஐரோப்பாவில் அறுவடை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. நம் நாட்டிலோ பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பறித்துவிடுவார்கள். இந்த ஆண்டைக் குறித்த இந்திய வெள்ளை ஒயின் டிசம்பரில் இளமையும் பக்குவமும் சேர்ந்த நிலையில் இருக்கும். இரண்டில் எந்த ரகமாக இருந்தாலும், புதிய ஆண்டு உள்ள பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு ஆண்டு பழைய செனின் பிளாங்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஓக் பீப்பாய் | டிசம்பர் 9, காலை 7:50

கொழுந்தனார் பக்கம் பேச ஒருவர் வேண்டாமா? இந்தியாவில் இப்போது அருமையான சிவப்பு ஒயின்கள் வருகின்றன. ஹம்பி மலைப்பகுதியில் கிருஷ்மா தோட்டத்தின் காபர்னே சோவின்யோன், சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃபிராத்தெல்லி செய்யும் செத்தே, பெங்களூரின் வாசலிலேயே குரோவர் சம்பாவின் லா ரிசர்வ். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பண்டிகை மேசையில் இனிப்பு ஒயினை மட்டும் வைப்பது விவசாயிக்கும் ஒயின் செய்பவருக்கும் நாம் செய்யும் அநீதி. மட்டன் கொழுப்பும் புரதமும் டானினைப் பிடித்துக்கொள்ளும். அதனால் துவர்ப்பு அடங்கும், இறைச்சியின் ருசி எழும்பும். மட்டன் இருக்கும் மேசையில் சிவப்பு இல்லாமல் எப்படி?

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். இனிப்பு ஒயினோடு நின்றுவிட்டால் வாழ்நாள் முழுவதும் பழச்சாற்றைக் குடித்த அனுபவம்தான் மிஞ்சும். பண்டிகையில்தான் குடும்பம் ஒன்றாக உட்காருகிறது. புதிய சுவை ஒன்றை அறிமுகப்படுத்த வேறு எந்த நாள் இருக்கிறது?

காக்ஸ்டவுன் மருமகள் | டிசம்பர் 9, காலை 8:20

பெரியம்மாவுக்கு 71 வயது, ஐயா. அவருக்கு நான் புதிய சுவையைப் பழக்கப் போவதில்லை. அவர் மகிழ்ச்சியாக ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நந்தி அடிவாரம் | டிசம்பர் 9, மதியம் 1:05

ஓக் பீப்பாய் ஐயா சொன்ன புரதமும் டானினும் உண்மை. ஆனால் அது உப்பும் மிளகும் மட்டும் தடவிச் சுட்ட இறைச்சிக்கு முழுமையாகப் பொருந்தும். பிரியாணியில் மட்டன் மட்டுமா இருக்கிறது? தயிர், தக்காளி, புதினா, பச்சை மிளகாய் எல்லாம் சேர்ந்துதான் வாய்க்குள் போகின்றன. அங்கே இளம் காபர்னே முரண்டு பிடிக்கும்.

ஆனால் இந்தப் பட்டியலில் சிவப்புக்கென்றே பிறந்த ஓர் உணவு இருக்கிறது: கோழி மிளகு வறுவல். மிளகின் வாசனைக்கு முக்கியக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். மிளகின் எரிச்சல் பைப்பரின் என்ற பொருள் தருவது, அது வேறு. நான் சொல்வது வாசனையை. நல்ல ஷிராஸைக் கிளாஸில் சுழற்றி முகர்ந்தால், அம்மியில் அப்போதுதான் நுணுக்கிய மிளகின் வாசம் மேலே வரும். அதே வாசம் தட்டிலும் இருக்கும்போது இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். சூலாவின் திண்டோரி ரிசர்வ் ஷிராஸ் எளிதாகக் கிடைக்கும். லா ரிசர்வும் காபர்னேயும் ஷிராஸும் கலந்ததுதான். கொழுந்தனாருக்கு இதில் குறை இருக்காது.

நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபள்ளாப்பூர்ப் பக்கம் இந்தக் கொடிகள் வளர்வதை ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். கன்வல் குரோவர் 1980களில் பிரெஞ்சு ரகங்களைத் தேடித் தேடி நட்டுப் பார்த்த இடம். இரவுக் குளிர் இருப்பதால்தான் திராட்சையில் புளிப்பு தங்குகிறது. நம் ஊர்க் குளிர் ஒரு பாட்டிலுக்குள் இருப்பதை அங்கே போய் நின்றால் புரிந்துகொள்ளலாம்.

வஞ்சிரத்தோடு மட்டும் சிவப்பு வேண்டாம். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வாயில் ஒரு துருப்பிடித்த வாடை நிற்கும். எலுமிச்சை பிழிந்த மீன் வறுவலுக்குச் சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளை ஒயின் அல்லது குமிழ் விடும் ஸ்பார்க்ளிங் ஒயின்.

ரசல் மார்க்கெட் வழி | டிசம்பர் 9, இரவு 8:45

எல்லோரும் கடை பாட்டிலையே பேசுகிறீர்கள். கண்டோன்மெண்ட் பக்கத்துக் கிறிஸ்துமஸ் என்றால் வீட்டு ஒயின் அல்லவா? அக்டோபர் கடைசியில் ரசல் மார்க்கெட்டுக்குப் போய், நன்றாகப் பழுத்த பெங்களூர் நீலத் திராட்சையைக் கூடையாக வாங்கி வருவோம். கருநீலத் தோல், மேலே சாம்பல் பூத்தது போல மெல்லிய படலம், விதை பெரியது. இந்த ரகத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்தி, கையாலேயே பிசைந்து, பீங்கான் ஜாடியில் சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்து வாயைத் துணியால் கட்டிவிடுவோம்.

அதன் பிறகு நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் தோல்களெல்லாம் மேலே எழும்பி ஒரு தொப்பி போல நிற்கும். மரக்கரண்டியால் அழுத்தினால் பக்கவாட்டிலிருந்து சிறு குமிழ்கள் சீறிக்கொண்டு வரும். ஜாடியில் காதை வைத்தால் சலசலப்பு கேட்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும் சத்தம் அது. தினமும் ஒருமுறை கிளறி, மூன்று வாரம் கழித்து வடிகட்டுவோம். பாட்டியின் காலத்தில் சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்து நிறம் ஏற்றுவார்கள்.

பெரியம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை.

ஓக் பீப்பாய் | டிசம்பர் 9, இரவு 9:30

வீட்டு ஒயினுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் நொதித்தல் முடியும் முன்பே பாட்டிலில் இறுக்கமாக அடைப்பவர்கள் ஏராளம். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் இது பெரிய ஆபத்து. குமிழ் முற்றிலும் நின்ற பிறகே அடைக்க வேண்டும். அதுவரை வாயு வெளியேற வழி இருக்க வேண்டும்.

ரசல் மார்க்கெட் வழி | டிசம்பர் 9, இரவு 9:50

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஐயா. வடித்த பிறகும் சில நாட்கள் துணி மூடியோடு தெளியவிட்டுத்தான் பாட்டிலில் ஊற்றுவோம். இந்த ஆண்டு இனிமேல் ஆரம்பித்தால் பண்டிகைக்குத் தயாராகாது, சகோதரி. அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். புத்தாண்டு தாண்டி ஈஸ்டருக்குப் போடுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு | டிசம்பர் 10, காலை 6:30

தேனி மாவட்டத்துக்காரன், இப்போது ஒயிட்ஃபீல்டில் வேலை. எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சை உண்மையில் மஸ்கட் ஹாம்பர்க் ரகம். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகத்தில் பல இடங்களில் மஸ்கட் வகைத் திராட்சையிலிருந்து மணமான இனிப்பு ஒயின் செய்கிறார்கள். கம்பத்தில் ஆண்டு முழுவதும் காய்க்கும் இந்தப் பழம் பெரும்பாலும் தின்னவும் சாறு பிழியவும்தான் போகிறது. விலை சரியும் வாரங்களில் தோட்டக்காரர் முகத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: இதில் நல்ல ஒயின் செய்ய யாராவது முனைந்தால் அந்த மக்கள் பிழைப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பன்னீர் திராட்சையைத் தோலோடு இலேசாக வேகவைத்து, வடித்து, குளிரவைத்து, ஒயின் கிளாஸிலேயே கொடுங்கள். சர்க்கரை தேவைப்படாது. அவர்கள் கையிலும் அதே நிறம் இருக்கும். யாரும் தனித்து விடப்பட்டதாக உணரமாட்டார்கள்.

காக்ஸ்டவுன் மருமகள் | டிசம்பர் 10, காலை 9:15

இது மிகவும் பிடித்திருக்கிறது, அண்ணா. நன்றி. என் அண்ணி கர்ப்பமாக இருக்கிறார், அவருக்கு இதுதான்.

இன்னொரு கேள்வி. பக்கத்து வீட்டு மாமியும் மாமாவும் சாப்பிட வருகிறார்கள், சைவம். மாமா மட்டும் ஒயின் எடுத்துக்கொள்வார். அவர்களுக்குப் பருப்பு வடை, எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு காரக்கறி, பால் பாயசம் செய்கிறேன்.

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் | டிசம்பர் 10, மதியம் 12:40

வடைக்கு ஸ்பார்க்ளிங் ஒயின், கண்ணை மூடிக்கொண்டு. எண்ணெயில் பொரித்த எதற்கும் குமிழும் புளிப்பும் சேர்ந்து நாக்கைத் துடைத்துவிடும். அடுத்த வடை முதல் வடை போலவே ருசிக்கும். நாசிக் மாவட்டம் திண்டோரியில் செய்யும் ஷாண்டோன், சூலா ப்ரூட் இரண்டும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கவிடும் பாரம்பரிய முறையில் வருபவை. ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்கும் கீழே. இனிப்பு வேண்டுமென்றால் டெமி செக் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள்; அதில் 32 முதல் 50 கிராம் வரை இருக்கும். எலுமிச்சை சாதத்துக்கும் இதே ஸ்பார்க்ளிங் போதும். உணவின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். இதில் அந்தக் கவலை இல்லை.

பாயசத்தோடு எந்த உலர் ஒயினும், அதாவது இனிப்பில்லாத ஒயினும், வேண்டாம். பாயசத்தைப் பாயசமாகவே விட்டுவிடுங்கள்.

நந்தி அடிவாரம் | டிசம்பர் 10, இரவு 10:20

மல்லேஸ்வரம் நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன். கேக்குக்கும் அதே கணக்குதான்: இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் கூடுதல் இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் வெறும் புளிப்பாக நிற்கும். பிளம் கேக்கில் உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், கருக்கிய சர்க்கரை எல்லாம் இருக்கின்றன. கொடியிலேயே அதிகம் பழுக்கவிட்டுத் தாமதமாகப் பறித்த செனின் பிளாங் அதற்குச் சரியான துணை. சூலாவில் லேட் ஹார்வெஸ்ட் என்ற பெயரில் வரும். ஒவ்வொருவருக்கும் சிறிதளவு போதும். பெரியம்மா கையில் அந்தக் கிளாஸையும் கல்கல் தட்டையும் கொடுத்துப் பாருங்கள்.

இனிப்பு ஒயினைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன். ஜெர்மனியின் இனிப்பான ரீஸ்லிங்கும் ஹங்கேரியின் டோக்காயும் உலகம் போற்றும் ஒயின்கள். இரண்டும் பெரியம்மாவுக்குப் பிடிக்கும்.

அளவு. 750 மில்லி பாட்டிலில் 125 மில்லி வீதம் ஆறு கிளாஸ். பதினான்கு பேர் என்றீர்கள், மாமியும் மாமாவும் சேர்ந்தால் பதினாறு. குழந்தைகள், அண்ணி, குடிக்காதவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் போக ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று கிளாஸ் என்றால் ஐந்து பாட்டில் போதும், கேக்குக்குத் தனியாக ஒன்று. ஸ்பார்க்ளிங் ஒன்று, ரீஸ்லிங் இரண்டு, ஷிராஸ் இரண்டு. விந்தாலுவுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அதில் வினிகரும் மிளகாயும் கொழுப்பும் இருப்பதால் ரீஸ்லிங்கே போதும்.

ஊற்றும் வரிசையைச் சாப்பாட்டின் வரிசையோடு கட்டிப்போடாதீர்கள். நம் வீட்டில் எல்லாமே ஒரே நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும். பூசை முடிந்து வீடு வந்தவர்களுக்கு வறுவலும் வடையும் கொடுக்கும்போது ஸ்பார்க்ளிங். உட்கார்ந்த பிறகு வெள்ளையும் சிவப்பும் இரண்டுமே மேசையில் இருக்கட்டும், அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

ஓக் பீப்பாய் | டிசம்பர் 11, காலை 8:05

நந்தி அடிவாரத்தாரோடு இனிப்பு விஷயத்தில் எனக்கு இன்னும் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் ஷிராஸ் இரண்டு பாட்டில் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஒரே ஒரு வேண்டுகோள்: அதை அறை வெப்பத்தில் பரிமாறாதீர்கள். அறை வெப்பம் என்று புத்தகங்கள் சொல்வது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளை. பெங்களூர் டிசம்பர் பகலில் 26, 27 டிகிரி. பக்கத்தில் பிரியாணி தம்மில் இருந்தால் இன்னும் கூடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். பரிமாறுவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜில் வைத்து, 16 டிகிரி அளவில் எடுங்கள். வெள்ளைக்கு மூன்று மணி நேரம். ஃபிரிட்ஜில் இடம் இல்லையென்றால் வாளியில் பனிக்கட்டி, தண்ணீர், ஒரு கை கல்லுப்பு; இருபது நிமிடத்தில் சில்லென்று ஆகிவிடும்.

கடையில் ஜன்னலோரம் வெயிலில் நிற்கும் பாட்டிலை எடுக்காதீர்கள். என் வீட்டருகில் ஒரு கடையில் மதிய வெயில் நேராக விழும் அலமாரியில் விலை உயர்ந்த பாட்டில்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பலமுறை சொல்லியும் மாற்றவில்லை. கார்க் சற்றே மேலே தள்ளியிருந்தால் அந்தப் பாட்டில் சூடு கண்டது என்று அர்த்தம்.

காக்ஸ்டவுன் மருமகள் | டிசம்பர் 12, மாலை 6:40

நீங்கள் எல்லோரும் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. இன்று போய் வாங்கிவிட்டேன். ஸ்பார்க்ளிங் ப்ரூட் ஒன்று, இந்த ஆண்டு ரீஸ்லிங் இரண்டு, ஷிராஸ் இரண்டு, லேட் ஹார்வெஸ்ட் ஒன்று. பன்னீர் திராட்சையை 23ஆம் தேதி வாங்கிக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் ஆன செலவு, கடைக்காரர் முதலில் காட்டிய இறக்குமதி சிவப்பு மூன்று பாட்டிலின் விலையைவிடக் குறைவு. கொழுந்தனாரிடம் மிளகு வறுவலும் ஷிராஸும் பற்றிச் சொன்னேன். வறுவலைத் தானே செய்கிறேன் என்கிறார்.

கடைசிச் சந்தேகம். ஸ்பார்க்ளிங் பாட்டிலை வீட்டில் யாரும் திறந்ததில்லை. குழந்தைகள் சுற்றி நிற்பார்கள். பயமாக இருக்கிறது.

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் | டிசம்பர் 12, இரவு 7:25

பயம் தேவையில்லை, கவனம் போதும். உள்ளே ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் இருக்கும், அதனால் முதல் நிபந்தனை குளிர்ச்சி: நன்றாகக் குளிர்ந்த பாட்டிலில் சீற்றம் குறைவு. கொண்டுவரும்போது குலுக்காதீர்கள். காகிதத்தை உரித்து, கட்டைவிரலைக் கார்க்கின் தலைமேல் அழுத்தி வைத்துக்கொண்டே கம்பிக் கூண்டின் முறுக்கை ஆறு அரைச்சுற்று தளர்த்துங்கள். கூண்டைக் கழற்ற வேண்டாம், அதன் மேலேயே ஒரு துண்டைப் போர்த்திக் கார்க்கை இறுகப் பிடியுங்கள். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, ஆளில்லாத சுவர்ப் பக்கம் வாய் இருக்கும்படி நில்லுங்கள். கார்க்கைத் திருகாமல், அடியில் பிடித்த கையால் பாட்டிலை மெதுவாகத் திருப்புங்கள். கார்க் தானாக வெளியே தள்ளும்; அதை விட்டுவிடாமல் உள்நோக்கி அழுத்திக்கொண்டே வந்தால் டப் என்ற வெடிச் சத்தம் இல்லாமல் ஒரு மெல்லிய ‘உஸ்’ஸோடு திறக்கும். கிளாஸைச் சாய்த்து முதலில் கொஞ்சம் ஊற்றி, நுரை அடங்கிய பிறகு மீதியை ஊற்றுங்கள். அந்தக் கிளாஸை மாமாவுக்கு முதல் வடையோடு கொடுங்கள்.